கறுப்பே இல்லாத படம்

கண் மருத்துவ உதவியாளர் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஷகிலா கேட்டாள். கடலூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது என் நாற்காலியில் அவள்தான் இருக்கிறாள். "சார், நீங்க கரெக்டாக் கண்டுபிடிச்ச கேஸா நாலு எழுதுங்க. புள்ளைங்க கத்துக்கட்டும்" என்றாள். சரியாகக் கண்டுபிடித்தவை இருக்கின்றன. அவற்றை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொன்றும் நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. தவறவிட்ட ஒன்று மட்டும் நீண்டுகொண்டே போகிறது. அதையே எழுதிவிடுகிறேன். மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை, தவறு என்னுடையது.

நான் பௌதிகம் படித்தவன். பட்டம் வாங்கிய பிறகு சென்னையில் இரண்டு வருடம் இதே பயிற்சி. அங்கே கற்றதில் இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். நோயே இல்லாத கண்ணிலும் ஒரு ஓட்டை உண்டு. நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தில் ஒளி விழுந்தால் எதுவும் தெரியாது. ஒரு தாளில் பெருக்கல் குறி ஒன்றும், நான்கு விரற்கடை தள்ளி வலப்பக்கம் ஒரு புள்ளியும் போட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு குறியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போகும். அங்கே கறுப்பாக எதுவும் தெரியாது. வெள்ளைத் தாள் என்றால் வெள்ளையாகவே இருக்கும். கோடு போட்ட தாள் என்றால் கோடு அறுபடாமல் ஓடும். இல்லாத இடத்தில் மனசு பக்கத்து நிறத்தை எடுத்துப் பூசிவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் செய்து காட்டி, அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

மருத்துவமனை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். சிதம்பரத்தில் ஒரு கிளை. அங்கே வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேனில் போய்ப் பார்ப்போம். தலைமை மருத்துவர் இருதயராஜ். அவர் அதட்டி நான் கேட்டதில்லை. நாங்கள் ஒரு சோதனையைச் சரியாகச் செய்யவில்லை என்று அவருக்குத் தோன்றினால், வந்து நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். "எங்க, எனக்குப் பண்ணுங்க" என்பார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம்.

அந்த நாற்காலிக்கு எதிரே இருந்த கறுப்புத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரில் ஆளுயரத்துக்குக் கறுப்புத் துணி; முகாமுக்கும் சிதம்பரத்துக்கும் போகும்போது சுருட்டி எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு வெள்ளைப் பொத்தான். ஒரு மீட்டர் தள்ளி நோயாளி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பொத்தானை விட்டுப் பார்வையை எடுக்காமல் இருக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று, நுனியில் சிறு வெள்ளை மணி பதித்த கறுப்புக் குச்சியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்துவேன். மணி மறையும் இடத்தில் கறுப்புக் குண்டூசி ஒன்று, மறுபடி தெரியும் இடத்தில் ஒன்று. எல்லாப் பக்கமும் முடிந்ததும் ஊசிகளைப் பார்த்துத் தாளில் குறித்தால் அந்தக் கண்ணின் பார்வைப் பரப்பு கிடைக்கும். கிளாக்கோமா என்ற கண் நீர் அழுத்த நோயில் வலி இருக்காது. பார்வை நரம்பு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வரும். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். எனவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சுனாமிக்கு அடுத்த வருடம் முதுநகர்ப் பக்கம் ஒரு முகாம் போட்டோம். அஞ்சாப்புலி என்று ஒரு மீனவர். துணிக்கு முன்னால் உட்கார வைத்துக் குச்சியை எங்கே கொண்டுபோனாலும், நான் "தெரியுதா?" என்று கேட்பதற்குள் "தெரியுது சார்" என்றார். பொத்தானுக்கு வலப்பக்கம், எந்த மனிதக் கண்ணுக்கும் தெரிய முடியாத அந்த ஓட்டைக்குள் மணியைக் கொண்டுபோனேன். அங்கேயும் "நல்லாவே தெரியுது" என்றார். டாக்டர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னா அஞ்சாப்புலி, தெரியாததும் தெரியுதா உனக்கு?"

"தெரியலன்னு சொன்னா போட்டு குடுக்க மாட்டாங்களாம் ஐயா. எங்க ஆளுங்க சொல்லித்தான் அனுப்புனாங்க."

முகாமே சிரித்தது. அவரும் சிரித்தார். அரசாங்கம் தரும் படகுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவருக்குப் புரியவைக்கப் பெரும்பாடு பட்டோம். கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் என்னிடம், "'தெரியுதா'ன்னு நாம கேட்டா, தெரியுதுன்னு சொல்றதுதான் மரியாதைன்னு நெனைப்பாங்க. நீங்க வாயத் தொறக்காதீங்க. மணி தெரியறப்ப ஸ்டூலத் தட்டச் சொல்லுங்க. தட்டு நின்னா ஊசி குத்துங்க" என்றார்.

அதன்படிதான் செய்தேன். கூட்டம் குறைவான நாட்களில்.

தையல்நாயகி டீச்சர் சிதம்பரம் கிளைக்கு முதலில் வந்தது அதற்கும் ஒரு வருடம் கழித்து. பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை; ஐம்பதை நெருங்கும் வயது. கணவர் கலியமூர்த்தி அரசு பஸ்ஸில் கண்டக்டர். பள்ளியில் மாம்பழமும் மயிலும் வரையச் சொல்லித் தந்தாலும், வீட்டில் டீச்சர் போடுவது அரூப ஓவியங்கள். பாண்டிச்சேரியில் இரண்டு முறை கண்காட்சி வைத்திருந்தார். கண்ணாடிக்காக எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தபோது கடைசி வரி வரை பிசிறில்லாமல் படித்தார். கண்ணுக்குள் அழுத்தமும் சரியாகவே இருந்தது.

"அப்பறம் என்னா தொந்தரவு டீச்சர்?"

"தொந்தரவுன்னு சொல்ல முடியல சார். வலது கண்ணால மட்டும் பாத்தா, மேல ஒரு எடத்துல நான் பாக்குறேனா, பாக்குற மாதிரி நெனச்சுக்கறேனான்னு சந்தேகமா இருக்கு."

கலியமூர்த்தி குறுக்கிட்டார். "சார், இவ வரையறது எதுவும் எனக்குத் தெரிய மாட்டேங்குது. அப்ப எனக்குத்தான் மொதல்ல டெஸ்ட் பண்ணணும்."

டீச்சர் அவரைப் பார்க்காமலே, "உங்களுக்கு டிக்கெட்டுக்கு சில்லறையே தெரியறதில்ல. சும்மா இருங்க" என்றார்.

டாக்டர் விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். நரம்பில் அவருக்கு ஒரு சந்தேகம். அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெட்டுப்போகிறவர்கள் உண்டு. "துணில பாத்துடுங்க" என்று என்னிடம் அனுப்பினார்.

அன்று வெளியே நாற்பது பேராவது இருந்தார்கள். வேன் டிரைவர் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்டூலைத் தட்டச் சொல்லிப் பழக்கப்படுத்தவே ஐந்து நிமிடம் ஆகும். படித்தவர்தானே, வாயால் சொல்லட்டும் என்று ஆரம்பித்துவிட்டேன். கீழ்ப்பாதி ஒழுங்காக வந்தது. வலப்பக்க ஓட்டையையும் சரியாகச் சொன்னார். அங்கிருந்து மேலே போனதும் பதில்கள் கலங்கின.

"தெரியுதா டீச்சர்?"

"இருக்கு... இல்ல. துணி இருக்கு. மணி இருக்கிற மாதிரி நானே வெச்சுக்கறேன்னு தோணுது."

"இதுல கற்பனையெல்லாம் வேண்டாம் டீச்சர். தெரியுதா, இல்லையா?"

 வகுப்பில் மாட்டிக்கொண்ட மாணவி போல, "தெரியுது சார்" என்றார்.

அந்த இடத்தில் ஊசி குத்தவில்லை. தாளில் மேல்பாதி, குறையே இல்லை என்பது போல, காலியாகப் போயிற்று. டாக்டர் தாளைப் பார்த்தார். ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கூட்டம் ஒரு காரணம், வேன் ஒரு காரணம். ஆனால் இரண்டையும் விடப் பெரிய காரணம், அவர் ஓவியர் என்பது. அரூப ஓவியம் என்றால், ஒழுங்காக வரையத் தெரியாதவர்கள் நிறத்தை இழுத்துவிட்டு ஞானம் பேசுவது என்பதுதான் என் எண்ணம். அவரும் அந்த மாதிரிப் பேசுகிறார் என்று நினைத்தேன். ஒரு விவசாயி "மேல மறைக்குது சார்" என்று சொல்லியிருந்தால் குச்சியை இன்னொரு முறை கொண்டுபோயிருப்பேன். இவர் தன் கண்ணில் நடப்பதை மிகத் துல்லியமாகச் சொன்னார். அந்தத் துல்லியத்தையே நான் அலங்காரப் பேச்சு என்று தள்ளிவிட்டேன்.

சொன்னபடி அடுத்த வருடம் வந்தார்கள். இந்தத் தடவை கலியமூர்த்தி அக்குளில் ஒரு பெரிய சுருளை இடுக்கிக்கொண்டு வந்தார். செய்தித்தாள் சுற்றிய கேன்வாஸ்.

"சார், வாயால சொல்ல வரல. அதனால போட்டுக் கொண்டாந்திருக்கேன்" என்றார் டீச்சர்.

என் மேசையில் விரித்தார்கள். கிட்டத்தட்ட மேசை அகலம். சாம்பலும் பாசிப்பச்சையும் கலந்த பரப்பு முழுக்க மெல்லிய கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக. ஒவ்வொரு கோடும் கையால் இழுத்தது. லேசாக நடுங்கி, ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் உலர்ந்து போகும். நடுவுக்கு வலப்பக்கத்திலிருந்து கிளம்பி, நடுவுக்கு மேலே வளைந்து, இடப்பக்கம் போய் இறங்குகிற ஒரு பட்டை இருந்தது. வில் மாதிரி. அதற்குள்ளும் அதே நிறங்கள், அதே கோடுகள். ஆனால் அங்கே மட்டும் கோடுகள் நடுங்கவில்லை. எல்லாம் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில், யாரோ அளவுகோல் வைத்து நிரப்பியது போல வழுவழுப்பாக இருந்தன.

"இந்த எடம் மட்டும் மெஷின்ல போட்ட மாதிரி இருக்கே?" என்று கேட்டேன். என் கண் அதைப் பிடித்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

"அதான் சார். அங்கதான்."

"அங்க கறுப்பா ஒண்ணும் இல்லையே டீச்சர்."

"கறுப்பு இல்ல சார். எல்லாம் இருக்கு. ஆனா ரொம்ப ஒழுங்கா இருக்கு. கண்ணால பாத்தா இவ்ளோ ஒழுங்கா இருக்காது."

நான் எழுந்து சுவரில் இருந்த சுவரொட்டியைக் காட்டினேன். மருந்துக் கம்பெனி கொடுத்தது. ஒரு குடும்பப் புகைப்படம். அதைச் சுற்றிக் கரிப் புகை போலக் கறுப்பு. "அந்த நோய் வந்தா இப்படித்தான் டீச்சர் தெரியும். உங்களுக்கு எங்கயும் இருட்டே இல்ல. நல்ல விஷயம்தானே?"

கலியமூர்த்தி கேன்வாஸைச் சுருட்டினார். "விடுடி. ஒண்ணுமில்லாத எடத்த வெச்சிருக்கிறது நம்ம ஊருக்குப் புதுசா? கோயில்ல தீட்சிதருங்க அதுக்குத் தெரைய போட்டு மாலை போட்டு வெச்சிருக்காங்க. நீ கோடு போட்டு வெச்சிருக்க" என்றார். நான் சிரித்தேன். டீச்சரும் சிரித்தார். அன்று மறுபடி துணியில் சோதித்தேன். மறுபடி "தெரியுதா" என்றேன். போன வருடத் தாள் என் எதிரிலேயே இருந்தது. இந்த வருடத் தாளும் அதைப் போலவே வந்தது.

டாக்டரிடம் படத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல. சொல்ல வேண்டிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

அதன்பின் அவர்கள் வரவில்லை. ஒன்றுமில்லை என்று இரண்டு முறை சொன்ன இடத்துக்கு யார் வருவார்கள்? இதற்கிடையில் கடலூரில் கணினி இயந்திரம் வந்தது. வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, பொட்டு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நல்ல இயந்திரம். கறுப்புத் துணிக்கு வேலை போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

2009இல் டீச்சர் தாமாகக் கடலூருக்கு வந்தார். நெற்றியில் ஒரு தையல். தெருவில் தாழ்ந்து தொங்கிய பந்தல் மூங்கில் தெரியாமல் போய் மோதிக்கொண்டிருக்கிறார். மற்றொரு விஷயத்தைக் கொஞ்சம் வெட்கத்தோடு டாக்டரிடம் சொன்னார். ஒரு வருடமாகவே வகுப்பில் பிள்ளைகள் கை தூக்குவதில்லையாம். கேள்வி கேட்டால் எல்லாரும் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்களாம். தன்னை மதிக்கவில்லை என்று அவர்களைக் கோபித்திருக்கிறார். கடைசியில் ஒரு பெண் அழுதுகொண்டே, "மிஸ், நான் அப்பலேருந்து கை தூக்கிக்கிட்டேதான் இருக்கேன்" என்றாளாம். முகத்தைப் பார்த்தால் அதற்கு மேலே தூக்கிய கை அவர் கண்ணுக்கு இல்லை. அந்த இடத்தில் சுவரின் நிறம் இருந்தது.

ஷகிலா அப்போதுதான் சேர்ந்திருந்தாள். அவள்தான் இயந்திரத்தில் சோதித்துத் தாளைக் கொண்டுவந்தாள். வலது கண்ணில் அந்த வில் முழுசாக விழுந்து, மேல்பாதியே போயிருந்தது. இடது கண்ணிலும் வில் தெளிவாக இருந்தது.  அந்த வில்லை நான் முன்பே பார்த்திருந்தேன். பச்சையில்.

டீச்சரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் பழைய தாள்களை எடுத்தார். இரண்டையும் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக்கொண்டு, துணி இன்னும் கழற்றாமல் இருந்த பின் அறைக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்து தம் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டார்.

"அந்த டீச்சருக்குப் பண்ண மாதிரியே பண்ணுங்க."

குச்சியை எடுத்தேன். பேசாமல் நகர்த்தினேன். அவர் ஸ்டூலைத் தட்டவில்லை.

"இப்படியா பண்ணீங்க?"

"இல்ல சார்."

"அப்ப, பண்ண மாதிரி."

மணியை மேலே கொண்டுபோய், "தெரியுதா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. அது கேள்வியாகவே இல்லை.

"இருக்கிற மாதிரி இருக்குங்க சார்" என்றார் டாக்டர். என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர் என்னை அப்படிக் கூப்பிட்டார். "அப்பறம் என்னா சொன்னீங்க?"

"கற்பனை வேண்டாம், தெரியுதா இல்லையான்னு கேட்டேன் சார்."

அவர் பொத்தானைப் பார்த்தபடியே, "தெரியுதுங்க சார்" என்றார். பிறகு கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். அப்போதுதான் படத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்: சுவரொட்டியைக் காட்டியது, சிரித்தது.  "நரம்பப் பாத்து சந்தேகப்பட்டவன் நான். உங்க தாளப் பாத்துட்டு என் சந்தேகத்த விட்டவனும் நான்தான். ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்கோம்" என்றார். அவர் சொன்ன ஆறுதல் அது. இன்று வரை எனக்கு அது ஆறுதலாக இல்லை.

டீச்சரிடம் டாக்டரே சொன்னார். முன்பே கண்டுபிடித்திருக்க வேண்டும், தவறவிட்டுவிட்டோம் என்றார். டீச்சர் அழவில்லை. என் பக்கம் திரும்பி, "அப்ப அந்தப் படம்?" என்று மட்டும் கேட்டார்.  சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள். மிச்சம் நின்றது, போனது போனதுதான்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு தவறு என்று எழுதியிருப்பேன். இரண்டாவதை நான் நல்லது என்று நினைத்துச் செய்தேன்.

அடுத்த வருடம் ஒரு நாள் சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் பள்ளியில் இருந்தார். கலியமூர்த்தியிடம் அந்தப் படத்தை மருத்துவமனைக்குக் கேட்டேன். "எடுத்துக்குங்க சார். பீரோவுக்குப் பின்னாடிதான் கெடக்குது" என்றார். டீச்சர் வரும் வரை காத்திருக்கலாம் என்று தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாததால் உடனே கிளம்பினேன். சட்டம் போட்டு, நோயாளிகள் உட்காரும் தாழ்வாரத்தில் உயரமாக மாட்டினேன். கீழே அச்சடித்த அட்டை: "கண் நீர் அழுத்த நோய் உள்ளவரின் பார்வை. உங்களுக்கும் இப்படித் தெரிகிறதா? உடனே சொல்லுங்கள்."

அது வேலை செய்தது. அதை மறைக்கக் கூடாது. பிச்சாவரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மகனுக்குக் கண்ணாடி வாங்க வந்தவர், படத்தைக் காட்டி, "எனக்கும் இந்த எடத்துல இப்படித்தான் வழுக்கிக்கிட்டுப் போவுது" என்றார். சோதித்தால் ஆரம்ப நிலை. அவர் போலச் சிலர் கிடைத்தார்கள். வெளியூர் டாக்டர்கள் வந்து படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று, எது எங்கே என்று குச்சி வைத்து விளக்கினேன். செய்த தவறுக்கு ஈடு கட்டிவிட்டேன் என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களே இருந்தன. 2012. டீச்சர் சோதனைக்கு வந்தார். வழக்கமாகப் பக்கவாசல் வழியாக நேரே உள்ளே போகிறவர்களை அன்று டாக்டர் தாழ்வார வழியாக வரச் சொல்லியிருந்தார். கலியமூர்த்தி தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். படத்துக்கு முன் நின்று அட்டையை அவர் வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும், அதைப் படித்திருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"நீங்கதான் குடுத்தீங்களா?" என்று டீச்சர் கணவரைக் கேட்டார்.

"சார் கேட்டாரும்மா."

"சார்..." என்றார். நான் அருகில் போனேன். "இத நீங்க ரிப்போர்ட்டா மாட்டியிருக்கீங்க."

"டீச்சர், இதப் பாத்து எத்தன பேர்..."

"நல்லது சார். அது நல்லது. ஆனா நான் இத ரிப்போர்ட்டா போடல." பெஞ்சில் உட்கார்ந்தார். "காலையில எங்க வீட்டு சமையக்கட்டு சன்னல்ல கம்பி வலை இருக்கும். ஒரு கண்ண மூடிக்கிட்டு அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். எது கண்ணு பாத்த கோடு, எது நானே போட்டுக்கிட்ட கோடுன்னு பிரிக்கப் பாத்தேன். முடியல. பயமாவும் இருந்துச்சு, அழகாவும் இருந்துச்சு. அந்த ரெண்டையும்தான் போட்டேன். நல்ல கண்ணுலயும் ஒரு எடம் காலிதான்னு நீங்கதான சொல்லிக் குடுப்பீங்களாம்? ஷகிலா சொல்லுச்சு. அப்ப எல்லாருமே கொஞ்சம் போட்டுக்கிட்டுத்தான பாக்குறோம்? எனக்கு ஜாஸ்தி, உங்களுக்குக் கம்மி. நோயி இதுல ஒரு ஓரம் சார். நீங்க மொதல்ல அந்த ஓரத்தக் கூடப் பாக்கல. இப்ப அது ஒண்ணத்தான் பாக்குறீங்க."

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.  "எடுத்துடறேன் டீச்சர்" என்றேன்.

"எதுக்கு எடுக்கணும்? நாலு பேருக்கு ஒதவுதுன்னா இருக்கட்டும். நோயோட பேர எடுத்துட்டு என் பேரப் போடுங்க."

டாக்டர் அதற்குள் வந்துவிட்டார். "அட்டை இல்லாம ஜனங்களுக்கு எப்படிம்மா புரியும்?" என்றார்.

"பாக்கட்டும் டாக்டர். உங்க ஆளுங்களும் பக்கத்துல நின்னு அவுங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி அட்டையைக் கிழித்தேன். ஷகிலா வெள்ளை அட்டை ஒன்று கொண்டுவந்தாள். படத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டேன். "சன்னல்னு போட்டாப் போதும்" என்றார். சன்னல், தையல்நாயகி, சிதம்பரம் என்று என் கையால் எழுதினேன்.

"இவ்ளோ ஒசரத்துல இருந்தா எனக்குத் தெரியாது சார்" என்றார் பிறகு. ஆணியைப் பிடுங்கி, படத்தை இடுப்பு உயரத்துக்கு இறக்கி மாட்டினோம். கலியமூர்த்தியும் ஒரு பக்கம் பிடித்தார். "பஸ்ல போர்டு கூட இவ்ளோ கீழ மாட்ட மாட்டாங்க" என்றார், யாரும் சிரிக்கவில்லை, அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் எழுந்து வந்து படத்துக்கு முன் நின்றார். அவர் படத்தை நேராகப் பார்க்கவில்லை. அதற்கு மேலே வெறும் சுவரைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் கீழே இருக்கிற படம் முழுவதும் அவருக்கு மிச்சமிருக்கும் பார்வைக்குள் விழும். பல வருடம் கழித்துத் தம் படத்தை அவர் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். முகத்தில் ஒரு சிறு சுளிப்பு வந்து போயிற்று. ஏதோ ஒரு கோட்டை இப்போது வேறு மாதிரி போட்டிருப்பார் போல.

இத்தனை வருடமாக என்னால் சொல்ல முடியாமல் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று அருகில் போனேன்.

"டீச்சர், என்ன மன்னிச்சிடுங்க. நான்..."

"இருங்க சார்" என்றார் அவர், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாத்துக்கிட்டிருக்கேன்."

தாழ்வாரத்துச் சன்னல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நகர்ந்து நின்றேன்.